ஓஹையோவிலிருந்து வந்த சக்களத்தி

அமெரிக்காவில் ஓஹையோ என்றொரு மாநிலம். அங்கே ஒரு சின்ன ஊர். அந்த ஊரில், போன நூற்றாண்டு பிறந்த கையோடு தொடங்கி ஐந்தாறு வருடத்துக்குள் இழுத்து மூடிய ஒரு கார்க் கம்பனி. இதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு என் சொந்த மச்சாள்மாரின் குடும்பக் கதைகூடத் தெரியாது. நான் விரும்பிப் படித்ததல்ல. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் என் கணவர் வாயைத் திறந்தால் அந்தக் கம்பனிதான் வரும். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

எங்கள் கலியாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. தாலி கட்டி மூன்று மாதம் ஆகுமுன்னர் அவர் லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். "ஒரு வருஷத்தில கூப்பிடுறன், யோசியாதையும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் யோசிக்கவில்லை, வருடங்கள்தான் போயின. இங்கே அவருடைய அகதி வழக்கு இழுபட்டது. அங்கே சண்டை மூண்டு பாதைகள் அடைபட்டன. கடைசியில் நான் கொழும்பு வழியாக வந்து ஹீத்ரோவில் இறங்கியபோது தொண்ணூறுகள் பிறந்து சில வருடமாகிவிட்டது. கட்டிய புருஷனைக் கூட்டத்துக்குள் அடையாளம் தேட வேண்டியிருந்தது. தலைமயிர் கொட்டிப்போய், எனக்கென்று வாங்கிய ஒரு குளிர்க்கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று கிடந்தது. அவர் கடைசியாகக் கண்ட பெண்ணின் அளவுக்கு அதை வாங்கியிருந்தார்.

நான் வருவதற்கு முந்திய வருடம் என் அப்பா இறந்துபோனார். அம்மா முன்னமே இல்லை, அண்ணை கனடாவில். கடைசிவரை அப்பாவோடு இருந்தது நான் ஒருத்திதான். பெற்றோல் இல்லாமல் வாகனம் ஓடவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை என்று கணவருக்கு எழுதியிருந்தேன். பதிலுக்கு நாலு வரி ஆறுதலும் உடம்பைக் கவனிக்கச் சொல்லி ஒரு புத்திமதியும் வந்தன. சரி, கடிதத்தில் என்னத்தை எழுதுவது, நேரே கண்டால் கேட்பார் என்று நினைத்தேன். குளிருதோ என்று கேட்டார். சாப்பிட்டீரோ என்று கேட்டார். பஸ் பாஸை எங்கே வைத்தீர் என்று கேட்டார். அப்பாவுக்கு என்ன நடந்தது என்ற ஒன்றைத்தான் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டார்.

எனக்கும் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. கேட்காத மனிதரிடம் இதைச் சொல்லமாட்டேன். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வராமலே போனால் இவரோடு காலம் தள்ள ஏலாது, அண்ணையிடம் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். அண்ணையும் தொலைபேசியில் ஒவ்வொரு தரமும் "எப்ப வாறாய்?" என்றுதான் தொடங்குவார்.

என் கணவருக்கு வேலை பெற்றோல் ஷெட்டில். அந்தக் காலத்தில் லண்டனில் இறங்கிய எங்கள் ஆண்களில் பாதிப்பேர் ஏதோவொரு ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கியவர்கள்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் உடுப்பை மாற்றிக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவி தனியாக இருந்தார். செவி மந்தம், வாய் மந்தமில்லை. அவருடைய காலஞ்சென்ற கணவர் எங்கேயோ ஒரு கமக்காரனின் வைக்கோல் கொட்டிலில் அந்த அமெரிக்கக் காரைக் கண்டுபிடித்து, மலிவாக வாங்கி, பின்வளவுக் கொட்டிலில் வைத்து ஒவ்வொரு துண்டாகக் கழற்றியிருக்கிறார். கழற்றியதோடு மனிதரின் ஆயுள் முடிந்துவிட்டது. நான் வருவதற்கு முன்னரே, வேலி திருத்திக் கொடுக்கப் போன இடத்தில் என் கணவர் அதைக் கண்டிருக்கிறார். ஊரில் மோட்டார் வேலை படித்தவர். லண்டன் அந்தப் படிப்பை ஒரு சதத்துக்கும் மதிக்கவில்லை. கொட்டிலுக்குள் போனவர் பிறகு வெளியே வரவேயில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

முதன்முதலில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குதிரையை அவிழ்த்துவிட்ட வண்டில் மாதிரி நின்றது. சைக்கிளின் சில்லுகள் போல நாலு மெல்லிய சில்லுகள். இரண்டு பேர் இருக்க ஒரு ஆசனம், அதற்குக் கீழே எஞ்சின். அதுவும் ஒரேயொரு சிலிண்டர். பிடித்துத் திருப்ப வட்டம் இல்லை, வள்ளத்துச் சுக்கான் மாதிரி ஒரு தடி.

"இதுக்கோப்பா இவ்வளவு நாளும் மினைக்கெட்டனீங்கள்?"

"நீர் சிரியும். இதைச் செய்தவன்ரை கதை தெரிஞ்சால் சிரிக்கமாட்டீர்."

அன்றைக்கே அதற்கு நான் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டேன். "சக்களத்தி வீட்டால வந்தாச்சோ?" என்றுதான் அவருக்குச் சோறு போடுவேன். அவரும் சிரித்துக்கொண்டு சோற்றுக் கோப்பையை நீட்டுவார். பிறகு கதை தொடங்கும். நூலகத்தில் தேடி எடுத்ததும், அந்த ஓஹையோ ஊர் நூலகப் பெண்மணி பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பியதும் எல்லாம் சோற்றோடு சேர்ந்து வரும்.

கம்பனியைத் தொடங்கிய மனிதர் முதலில் கமக்காரருக்குத் தண்ணீர்ப் பம்பு செய்து விற்றவராம். ஒருநாள் பம்பு எஞ்சின் ஒன்றைத் தூக்கி வண்டிலில் பூட்டிப் பார்த்திருக்கிறார். வண்டில் தானாக நகர்ந்தது. ஊர் கூடிப் பார்த்தது. வங்கிக்காரர் இரண்டு பேர் முதல் போட, பம்புப் பட்டறை கார்த் தொழிற்சாலையானது. வாங்கியவர்கள் அதிகமும் வைத்தியர்கள். குதிரையென்றால் புல்லுப் போடவேண்டும், நோயாளி வீட்டு வாசலில் கட்டிவைக்கவேண்டும். இதற்கு அந்தக் கரைச்சல் ஒன்றுமில்லை. சில கார்கள் பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறி லண்டனுக்கும் வந்தன. கிழவியின் கொட்டிலில் கிடந்தது அப்படி வந்த ஒன்று.

பிறகு காலம் மாறியது. பிரான்சில் செய்வதுபோல எஞ்சின் முன்னுக்கு வேண்டும், வட்டமாக ஸ்ரியரிங் வேண்டும் என்று சனம் கேட்கத் தொடங்கியது. அந்த மனிதர் அசையவில்லை. ஓடுகிற காரை ஏன் மாற்றவேண்டும் என்று நின்றார். வங்கிக்காரர்கள் அவருடைய கம்பனியிலிருந்து அவரையே வெளியே தள்ளிவிட்டு, நாலு சிலிண்டரோடு பெரியதொரு கார் செய்தார்கள். அது மேட்டில் ஏறவில்லை, விற்கவுமில்லை. அந்த நேரம் பார்த்து அமெரிக்கா முழுவதும் வங்கிகள் ஆட்டம் கண்டன. கம்பனிக்குப் பூட்டு விழுந்தது. கட்டடத்தை வாங்கியவர்கள் அதற்குள் சவப்பெட்டி செய்தார்களாம். முதலாளி மறுபடியும் பம்பு திருத்தப் போய்விட்டார்.

இதை ஒரு மழைநாள் மத்தியானம் சொன்னார். புரட்டாதிச் சனி என்று மரக்கறி சமைத்திருந்தேன். டூட்டிங் கடைத்தெருவுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்திருந்தேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "கேளுமப்பா, முடியேல்லை" என்றார். கம்பனி மூடிய கிழமை, சம்பளம் வராது என்று தெரிந்தும், வேலையாட்கள் மிஞ்சிக் கிடந்த சாமான்களைப் பொறுக்கிக் கூட்டிக் கடைசியாக ஒரு கார் பூட்டினார்களாம். விற்பதற்கு இல்லை. பழைய முதலாளியை வீட்டில் போய் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி ஓடிவிட்டு வந்து கதவைச் சாத்தினார்களாம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அந்த முதலாளியின் மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை எடுத்தார்கள் என்பதுகூட இவருக்குத் தெரியும். தன்னுடைய மாமனார் எப்படிச் செத்தார் என்று தெரியாது.

"அமெரிக்காச் சனத்துக்கெல்லாம் உங்களுக்குக் கண்ணீர் வருது, என்ன?" என்றேன்.

அவர் கோப்பையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தார். நான் முருங்கைக்காயை அவருக்குப் போடாமல் முழுவதையும் நானே சப்பித் துப்பினேன்.

ஆனாலும் அந்த நாட்களை நினைக்க இப்போது ஆசையாகத்தான் இருக்கிறது. காலையில் வாசல்படியில் பால்போத்தல் குளிர்ந்துபோய் நிற்கும். கிழவி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, என் சமையல் மணத்தில் தனக்குப் பசிக்கிறது என்று வெட்கமில்லாமல் சொல்லுவார். நான் கடலை வடை கொடுப்பேன், அவர் அப்பிள் பை கொடுப்பார். இரண்டு பேருக்கும் மற்றவருடையது பிடிக்காது, இரண்டு பேரும் தின்று தீர்ப்போம். கொட்டிலிலிருந்து இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் பின்னேரம் முழுவதும் கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் எனக்கு ஏதோபோல இருக்கும். திட்டிக்கொண்டே காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒருநாள் தேத்தண்ணி கொண்டு கொட்டிலுக்குப் போனேன். ஒரு தட்டம் நிறையப் பெற்றோலை ஊற்றி அதற்குள் காரில் கழற்றிய ஆணிகளைப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்ததும் தட்டத்தை அப்படியே தூக்கி வேலியோரத்து மண்ணில் ஊற்றினார்.

"ஐயோ கடவுளே! என்னப்பா செய்யிறீங்கள்? பெற்றோலை ஆரும் மண்ணில ஊத்துவினமே?"

"ஊத்தை கழுவினதுதானே. அதை என்ன செய்யிறது?"

அவருக்கு எங்கே விளங்கும்! அவர் ஊரை விட்டபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் ஆறாக ஓடியது. தொண்ணூறுக்குப் பிறகு அரசாங்கம் அங்கே பெற்றோலை வரவிடவில்லை. கார், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. முதலில் காற்று இழுக்கும் வாயில் சில சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பவேண்டும், சூடானதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். அந்தச் சில சொட்டுக்காக, கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் பெற்றோலை அடைத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தில் வீடு வளவோடு ஒரு போத்தல் பெற்றோலும் கேட்கிறார்கள் என்று பகிடி விடுவார்கள். அப்படி இருந்துவிட்டு வந்தவளுக்கு முன்னால் ஒரு தட்டம் பெற்றோலை மண்ணில் ஊற்றினால்?

அதற்குப் பிறகு நான் செய்த வேலையை நினைத்தால் இப்போது எனக்கே நெஞ்சு பதறுகிறது. அவர் ஷிப்டுக்குப் போன நேரங்களில் கொட்டிலுக்குள் போய், தட்டத்தில் மிஞ்சிய அழுக்குப் பெற்றோலைப் பழைய வேட்டித் துண்டால் வடித்து, லெமனேட் போத்தல்களில் நிரப்பி, குசினியில் பாத்திரம் கழுவும் பேசினுக்குக் கீழே அடுக்கி வைத்தேன். பக்கத்தில் காஸ் அடுப்பு! எங்களிடம் வாகனமே இல்லை. ஆனால் அந்தப் போத்தல்கள் அங்கே இருக்கின்றன என்ற நினைப்பில் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஒரு காலை மணம் பிடித்துக் கண்டுவிட்டார்.

"நீர் என்ன, விசரே? வீடு எரிஞ்சு போகுமப்பா!"

"எரிஞ்சால் எரியட்டும்! அண்டைக்கு இதில ஒரு போத்தல் இருந்திருந்தால்..."

அவர் போத்தல்களை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். இதோ கேட்கப்போகிறார், இப்போது கேட்கப்போகிறார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். உதடு அசைந்தது. பிறகு திரும்பிப் பின்கதவால் போய்விட்டார். அன்றிலிருந்து ஆணிகளை மண்ணெண்ணெயில் கழுவத் தொடங்கினார், கிழவியின் ஹீற்றருக்கு வாங்குகிற மண்ணெண்ணெய். என்னில் உள்ள கோபம் என்று நினைத்தேன். நான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, கோடைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வசந்தத்தில் கிழவியும் ஒரு முடிவெடுத்தார். தனியாக இருக்க ஏலாது, வீட்டை விற்றுவிட்டு மகனோடு போவதாகச் சொன்னார். காரை என்ன செய்வது? அதே ஓஹையோ ஊரில், அந்தப் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் ஒரு மூலையில், ஊர்க்காரர்கள் சின்னதாக ஒரு காட்சிச்சாலை வைக்கப்போகிறார்களாம். தங்கள் கார் ஒன்றும் தங்களிடம் இல்லை, தந்தால் கப்பலில் எடுக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கிழவி சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை காலை லொறி வரும். அதற்குள் அது ஓடுவதை ஒருதரம் பார்த்தால் போதும் என்று என் கணவர் வேலைக்கு லீவு போட்டு இராப்பகலாகக் கொட்டிலில் கிடந்தார். சக்களத்தி தொலைகிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். அவருடைய முகத்தைப் பார்க்கச் சந்தோஷப்பட முடியவில்லை.

ஞாயிறு மத்தியானம் காரைத் தள்ளிப் புல்லில் கொண்டுவந்து நிறுத்தினோம். கிழவி தொப்பியெல்லாம் போட்டு, மடக்குக் கதிரையில் கோயில் திருவிழா பார்க்க வந்தவர்போல இருந்தார். என் கணவர் எஞ்சினைக் கிளப்பக் காரின் பக்கவாட்டில் கைபிடியைச் செருகிச் சுற்றினார். சத்தமில்லை. மறுபடி சுற்றினார். ஒருதரம் கைபிடி திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. மற்றக் கையால் சுற்றினார். வேர்வை ஒழுகியது. கடைசியில் சில்லில் சாய்ந்துகொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"விடும். ஓடாமலே போகட்டும்."

எனக்கு அவரில் கோபம் இருந்தது உண்மை. அதற்காக அப்படி அவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? உள்ளே ஓடிப்போய் இருமல் மருந்துப் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தேன். காருக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த கானிலிருந்து அதில் கொஞ்சம் பெற்றோலை எடுத்தேன். ஆசனத்தைத் தூக்கி, எஞ்சின் காற்று இழுக்கும் வாயைத் தேடிப் பிடித்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். கை தன்பாட்டில் செய்தது.

"இப்ப சுத்துங்கோ."

சுற்றினார். ஒரு இருமல். ஒரு வெடி. பிறகு டொக், டொக், டொக் என்று பிடித்துக்கொண்டது! கார் முழுவதும் நடுங்கியது. நீலப்புகை எழும்பி அயல்வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளுக்குள் போனது. கிழவி கைதட்டிக் கூச்சலிட்டார். என் கணவர் சின்னப்பிள்ளைபோலத் துள்ளினார். அந்த மனிதரை நான் அப்படிக் கண்டதேயில்லை.

நானோ புல்லில் விழுந்து "ஐயோ அப்பா" என்று குழறத் தொடங்கிவிட்டேன். எஞ்சின் சத்தத்துக்குள் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. திடீரென்று எல்லாம் அமைதியானது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். எத்தனையோ வருடம் பாடுபட்டு, முதன்முதலாக ஓடிய எஞ்சின். கிழவி ஏன், என்ன என்று கேட்டார். என் கணவர் வந்து எனக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்.

"அண்டைக்கு மாமாவுக்கு என்ன நடந்தது? சொல்லும்."

"இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை?" அவருடைய தோளில் ஓங்கி அடித்தேன். "ஏன் கேக்கேல்லை?"

"உம்மட கடிதம் வந்தண்டு நான் ஷிப்டில நிண்டனான். பெற்றோல் இல்லாமல் மாமா செத்துப்போனார் எண்டு வாசிக்கிறன். கண்ணாடிக்கு அங்கால ஒருத்தன் டாங்க் நிரம்பி நிலத்தில ஊத்துப்படுறதும் தெரியாமல் ஆரோடையோ சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்கிறான். நான் அவனிட்டக் காசை வாங்கிப்போட்டு தாங்க்யூ சொன்னனான். அந்த வாயால உம்மட்ட எப்பிடிக் கேப்பன்?"

நான் சொல்லத் தொடங்கினேன். விடியவே நெஞ்சு நோகுது என்று அப்பா எழும்பினார். வீட்டில் நின்ற பழைய ஒஸ்ரின் காரை நான் கிளப்பப் பார்த்தேன். சின்னப் போத்தலில் இருந்த கடைசிச் சொட்டுவரை விட்டேன். இரண்டுதரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. அயலட்டைப் பெடியள் தள்ளுவண்டிலில் அப்பாவைக் கிடத்தித் தள்ளினார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். ஆஸ்பத்திரிக்கு வெகுதூரம் இருக்கும்போதே அப்பாவுக்கு விளங்கிவிட்டது. அந்த நோவுக்குள்ளும் அவர் சிரித்தார்.

"அப்பா என்ன சொன்னவர் தெரியுமோ? 'எங்கட மருமோன் பாவம் பிள்ளை. கையெட்டுற தூரத்தில கடலளவு பெற்றோலை வைச்சுக்கொண்டு நிக்கிறான். இதைக் கேட்டால் துடிச்சுப் போவான். அவனைக் காணேக்கை சொல்லு, அவனில ஒரு பிழையும் இல்லையெண்டு நான் சொன்னதெண்டு.' இதை உங்களிட்ட நேரில சொல்லத்தானப்பா நான் இவ்வளவு நாளும் காத்துக்கொண்டிருந்தனான்."

அவர் என் மடியில் முகத்தைப் புதைத்துப் பெருங்குரலெடுத்து அழுதார். திங்கட்கிழமை காலை லொறி வந்து காரை ஏற்றியபோது நாங்கள் குசினி மேசையில் இருந்து அப்பாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். ஜன்னலால் எட்டிப் பார்க்கக்கூட அவர் எழும்பவில்லை.